டிஸ்ஸியும் யுனிவர்சலும்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்காத ஒரு போர்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் இஞ்சம்பாக்கத்தில் விஜிபி யுனிவர்சல் கிங்டம் வரும். இன்னும் அரை மணி நேரம் போனால் முட்டுக்காடு பக்கம் எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்டு. இரண்டு பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். யுனிவர்சல். டிஸ்ஸி. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ என்ற ஊரில் 35 வருஷமாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு பெயர்களின் சாயல், நம்ம ஊர் கடற்கரையிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது.

எம்ஜிஎம் என்ற மூன்றெழுத்து இன்னும் சுவாரசியம். 1989இல் டிஸ்னி ஃப்ளோரிடாவில் திறந்த மூன்றாவது பூங்காவின் பெயர் டிஸ்னி-எம்ஜிஎம் ஸ்டூடியோஸ். கர்ஜிக்கும் சிங்கத்தை முத்திரையாக வைத்திருக்கும் ஹாலிவுட் கம்பெனியிடமிருந்து அந்தப் பெயரை டிஸ்னி உரிமம் வாங்கியிருந்தது. முட்டுக்காட்டு எம்ஜிஎம்முக்கும் அந்தச் சிங்கத்துக்கும் சம்பந்தமில்லை. எம்.ஜி. முத்து என்ற தொழிலதிபரின் குழுமம் அது.

நான் வளர்ந்தது துறையூர் பக்கம். எங்கள் பள்ளிக்கூடத்தில் இது பெரிய விவாதம். சுற்றுலா அறிவிப்பு வந்த நாளிலிருந்து வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரியும். 'டிஸ்னியோட சென்னை பிராஞ்ச்டா அது' என்று ஒரு கட்சி. 'அப்படின்னா மிக்கி மவுஸ் எங்கடா?' என்று இன்னொரு கட்சி. அடுத்து எந்த ராட்டினம் வரப்போகிறது, யார் யாரை வாங்கப்போகிறார்கள் என்றெல்லாம் போகும். உலகம் முழுக்க தீம் பார்க் ரசிகர்கள் செய்யும் வேலையைத்தான் எங்கள் வகுப்பும் செய்தது. ஒரே வித்தியாசம், அவர்களுடைய ஊகத்தில் பாதி கடைசியில் நடக்கும். எங்களுடையதில் எதுவுமே நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஊகம் என்பது நிலத்தின் விலை

தீம் பார்க் ஊகங்களின் வரலாற்றில் முதல் பெரிய சம்பவம் 1965இல் நடந்தது. ஆர்லாண்டோ அப்போது ஆரஞ்சுத் தோட்டங்களும் சதுப்பு நிலமுமான ஊர். யாரோ ஒருவர் வெவ்வேறு கம்பெனிப் பெயர்களில் ஏக்கர் ஏக்கராக நிலம் வாங்கிக்கொண்டே போனார். மொத்தம் சுமார் 27,000 ஏக்கர். ஊரில் ஒரே பேச்சு. ஃபோர்டு கார் கம்பெனி என்றார்கள். போயிங் விமானத் தொழிற்சாலை என்றார்கள். ராக்பெல்லர் குடும்பம் என்றார்கள். கடைசியில் அக்டோபர் மாதம் 'ஆர்லாண்டோ சென்டினல்' பத்திரிகையின் எமிலி பேவர் என்ற நிருபர், இது டிஸ்னிதான் என்று எழுதினார். அதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் வால்ட் டிஸ்னியையே நேரில் பார்த்துக் கேட்டிருந்தார். டிஸ்னி மறுத்தார். ஆனால் மறுத்த மனிதருக்கு ஃப்ளோரிடாவைப் பற்றித் தேவைக்கு அதிகமாகத் தெரிந்திருந்தது. அதுதான் துப்பு.

செய்தி வெளியானதும் நிலத்தின் விலை எகிறியது. டிஸ்னி ஏன் மாற்றுப் பெயர்களில் வாங்கினார் என்பதற்கும் அதுவே பதில். 1955இல் கலிபோர்னியாவில் முதல் டிஸ்னிலேண்டைத் திறந்தபோது சுற்றியிருந்த நிலம் அவரிடம் இல்லை. அங்கே லாட்ஜ் கட்டியவர்கள் சம்பாதித்தார்கள். அந்தத் தவறை இரண்டாவது முறை செய்ய அவர் தயாராக இல்லை.

'இந்தப் பக்கம் ஏர்போர்ட் வருது சார், இப்பவே ஒரு கிரவுண்டு போட்டு வையுங்க' என்ற குரல் நமக்குப் பழக்கம். ரசிகனின் ஊகமும் ரியல் எஸ்டேட் தரகரின் ஊகமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். இரண்டு பேருமே இன்னும் கட்டப்படாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

போட்டி எப்படிக் கட்டுகிறது

1971இல் வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறந்தது. 1990 ஜூனில் யுனிவர்சல் அதே ஊரில் கடை விரித்தது. அதற்கு ஒரு வருஷம் முன்னால் டிஸ்னி அவசரமாக ஒரு ஸ்டூடியோ பூங்காவைத் திறந்திருந்தது. எங்கள் யோசனையைத் திருடிவிட்டார்கள் என்பது யுனிவர்சல்காரர்களின் புகார். அன்றிலிருந்து சதுரங்கம்தான். 2010இல் யுனிவர்சல் ஹாரி பாட்டரைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே டிஸ்னி 'அவதார்' படத்தின் உரிமையை வாங்கி, 2017இல் அந்த உலகத்தைக் கட்டித் திறந்தது. 2023இல் பூங்காக்களுக்கும் கப்பல்களுக்குமாகப் பத்து வருஷத்தில் 60 பில்லியன் டாலர் செலவழிப்போம் என்று டிஸ்னி அறிவித்தது. 2025 மே மாதம் யுனிவர்சல் 'எபிக் யுனிவர்ஸ்' என்ற புதிய பூங்காவையே திறந்தது.

இந்தப் போட்டியின் அடிப்படை ராட்டினம் இல்லை, கதை. இரண்டும் சினிமாக் கம்பெனிகள். கதைகளின் உரிமை கையில் இருக்கிறது, அல்லது வாங்க முடிகிறது. ஒரு ரோலர் கோஸ்டரை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். ஹாக்வர்ட்ஸை இன்னொருவர் கட்ட முடியாது. அதனால்தான் ரசிகர்களுக்கு ஊகிக்க விஷயம் இருக்கிறது. எந்தக் கதை, எந்த நிலத்தில், எப்போது?

நம்மிடம் கட்டியவர்கள் யார்?

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். விஜிபியின் வி.ஜி. பன்னீர்தாஸ் வீட்டு உபயோகப் பொருட்களைத் தவணை முறையில் விற்றுப் பெயர் வாங்கியவர். நடுத்தரக் குடும்பங்களுக்கு முதல் ரேடியோவையும் முதல் மின்விசிறியையும் மாதத் தவணையில் கொண்டுவந்து சேர்த்த வியாபாரம் அது. 70களில் அவர் கடற்கரையில் உருவாக்கிய 'கோல்டன் பீச்'தான் பின்னாளில் யுனிவர்சல் கிங்டம் ஆனது. கேரளத்தில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் விற்ற வி-கார்டு நிறுவனர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000இல் கொச்சியில் வீகாலேண்டைத் திறந்தார். அதுதான் இன்றைய வொண்டர்லா. மும்பையில் 1989இல் வந்த எஸ்ஸெல்வேர்ல்டு, பிறகு ஜீ டிவியைத் தொடங்கிய சுபாஷ் சந்திராவுடையது. பூங்கா வந்த பிறகுதான் டிவியே வந்தது.

ஃபேன், ரேடியோ, ஸ்டெபிலைசர். நம் பூங்காக்களைக் கட்டியவர்கள் நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுக்குள் என்ன வேண்டும் என்று தெரிந்த வியாபாரிகள். அதில் ஒரு குறையும் இல்லை. அந்தக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை எங்கே போக ஆசைப்படும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவர்களிடம் கதை இல்லை.

கதை இருந்த ஒருவர் வந்தார். 1984இல் இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்த நவோதயா அப்பச்சன். அந்தப் படத்தில் குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடந்துபோகும் ஒரு பாட்டு உண்டு. கிராபிக்ஸ் இல்லாத காலம். ஒரு அறையையே இரும்புச் சட்டத்தில் கட்டி, சுற்றவைத்துப் படம்பிடித்தார்கள். கேமராவை எடுத்துவிட்டு வாசலில் டிக்கெட் கொடுத்திருந்தால் அது அப்படியே ஒரு ரைடு. அந்த அப்பச்சன்தான் 1995இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவைத் திறந்தார். பெயரையே பாருங்கள். டிஸ்னியின் சாயல் இல்லை, யுனிவர்சலின் சாயல் இல்லை. ராமாயணத்து வானர ராஜ்ஜியம். ஒரு சினிமாக்காரர், சொந்த மண்ணின் கதையிலிருந்து பெயர் எடுத்துக் கட்டிய பூங்கா. ஆர்லாண்டோ கணக்குப்படி ஜெயித்திருக்க வேண்டியது கிஷ்கிந்தாதான்.

ஜெயிக்கவில்லை. ராமாயணம் பெயர்ப்பலகையில் இருந்த அளவுக்கு ராட்டினங்களுக்குள் வரவில்லை. 2016 மே மாதம் ஒரு ராட்டினத்தின் சோதனை ஓட்டத்தில் விபத்து நடந்து ஊழியர் ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகு கிஷ்கிந்தா என்றால் பலருக்கு அந்தச் செய்திதான் முதலில் ஞாபகம் வருகிறது.

பெரிய ஸ்டூடியோக்கள் என்ன செய்துகொண்டிருந்தன? தென்னிந்திய சினிமாவின் தலைநகரம் சென்னை. ஏவிஎம், ஜெமினி, வாஹினி என்று தளங்களுக்குப் பஞ்சமில்லை. அரசே 90களின் நடுவில் தரமணியில் ஜெ.ஜெ. ஃபிலிம் சிட்டி கட்டியது. 1996 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அது எம்ஜிஆர் ஃபிலிம் சிட்டி ஆனது. அதே 1996இல் ராமோஜி ராவ் ஐதராபாத்தில் ராமோஜி ஃபிலிம் சிட்டியைத் தொடங்கினார். அது படப்பிடிப்புத் தளமாகவும் சுற்றுலாத் தலமாகவும் இன்றுவரை ஓடுகிறது. தரமணியில் வேறு பூங்கா வந்தது. 2000 ஜூலையில் டைடல் பார்க். சினிமா நகரத்தின் அக்கம்பக்கம் மொத்தமும் ஐ.டி. பூங்காவானது.

என்னைப் போன்ற ஆயிரக்கணக்கான சாஃப்ட்வேர் ஆட்களுக்குச் சோறு போட்டது அந்த முடிவு. அதை நான் குறை சொன்னால் நன்றி கெட்டவன். ஆனாலும் தரமணி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் தோன்றும், யுனிவர்சல் ஸ்டூடியோஸ் மாதிரி ஒன்று தமிழில் வந்திருக்க முடியும் என்றால் அது இந்த இடத்தில்தான் வந்திருக்கும்.

வருஷத்துக்கு ஒரு பஸ்

போட்டி வராததற்கு இன்னொரு காரணம் வாடிக்கையாளர். ஆர்லாண்டோவில் வருடாந்திர பாஸ் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். புதிதாக ஒன்றும் இல்லை என்றால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். நம் பூங்காக்களின் முதுகெலும்பு பள்ளிச் சுற்றுலா பஸ். துறையூரிலிருந்து கிளம்பும் பஸ் வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும். அதில் உட்கார்ந்திருப்பது ஒவ்வொரு வருஷமும் வேறு பிள்ளைகள். அவர்களுக்குப் பத்து வருஷப் பழைய ராட்டினமும் புதுசுதான். பிறகு எதற்குக் கோடி கொட்டி இன்னொன்று வாங்க வேண்டும்? தயாரிப்பை மேம்படுத்தச் சொல்லிக் கேட்க ஆள் இல்லாத சாஃப்ட்வேர் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது காரணம் வரி. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது கேளிக்கைப் பூங்காக்களுக்கு 28 சதவீதம். 2018 ஜனவரியில் அது 18 ஆனது. தமிழ்நாட்டில் அதற்கு மேல் உள்ளாட்சிகளின் கேளிக்கை வரி. வொண்டர்லா திருப்போரூர் பக்கம் நிலம் வாங்கிவிட்டுக் காத்திருந்த கதை இதுதான். வரி விலக்குப் பேச்சு முடியும்வரை வருஷங்கள் ஓடின. ஆனால் அந்தக் காத்திருப்பில் ஒரு புது விஷயம் நடந்தது. 2014இல் பங்குச் சந்தைக்கு வந்த கம்பெனி அது. காலாண்டுக்கு ஒரு முறை முதலீட்டாளர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு தீம் பார்க் ரசிகனுக்கு முதன்முறையாக ஊகிக்கக் கையில் ஆதாரம் கிடைத்தது.

2025 டிசம்பர் தொடக்கத்தில் வொண்டர்லா சென்னை திறந்தது. சுமார் 64 ஏக்கர், 600 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு. அதன் பெரிய ஈர்ப்பு, சுவிட்சர்லாந்தின் பாலிகர் அண்ட் மாபிலார்ட் நிறுவனத்தின் தொங்கு ரோலர் கோஸ்டர். உலகத்து ரசிகர்கள் பெயரைக் கேட்டாலே எழுந்து உட்காரும் நிறுவனம். அந்த கோஸ்டருக்கு வைத்த பெயர் தஞ்சோரா. தஞ்சாவூரை நினைவுபடுத்தும் பெயர். மறுபடியும் கதை பெயர்ப்பலகையில்தான் நிற்கிறது. ஆனாலும் ஓர் அடி முன்னால் வந்திருக்கிறது.

மலையில் ஒரு பாவை

புளியஞ்சோலை கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மேலே ஆகாயகங்கையாக விழும் ஐயாறு கீழே பாறைகளுக்கு நடுவில் ஓடிவரும் இடம். சுற்றுவட்டாரத்துக்கு அதுதான் வாட்டர் பார்க். வழுக்குப்பாறைதான் ஸ்லைடு. நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையத்துக்கு பிளாக் தண்டர் வந்தது, ஊட்டிக்குப் போகும் கூட்டம் அந்த வழியாகப் போவதால். புளியஞ்சோலை வழியாக யாரும் எங்கும் போவதில்லை. இங்கே வந்துவிட்டுத் திரும்புவார்கள். அந்த ஆற்றங்கரையில் ராட்டினம் வராததில் எனக்கு வருத்தமே இல்லை.

ஆனால் அந்த மலைக்கு ஒரு கதை இருக்கிறது. கொல்லிப்பாவை. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் பேசப்படும் பாவை. தெய்வம் செய்துவைத்த பெண் உருவம். அது தானாக அசையும், பகைவரைக் கண்டால் சிரிக்கும், அந்தச் சிரிப்பிலேயே கொல்லும் என்று பின்னால் வந்த கதைகள் சொல்கின்றன. மேலே இருக்கும் எட்டுக்கையம்மன்தான் அந்தப் பாவை என்று ஊரில் சொல்வார்கள். டிஸ்னி 1963இல் பேசிப் பாடும் இயந்திரப் பறவைகளைக் காட்டியபோது உலகம் வாய்பிளந்தது. தானாக அசைந்து சிரிக்கும் பொம்மையை நாம் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே கற்பனை செய்துவிட்டோம்.

விஜிபியின் புகழ்பெற்ற அடையாளம் சிலை மனிதன். என்ன சேட்டை செய்தாலும் அசையாமல், சிரிக்காமல் நிற்கும் காவலாளி. அவரைச் சிரிக்கவைக்கப் பார்க்காத குழந்தை இல்லை. கொல்லிப்பாவை சிரித்தால் எதிரே நிற்பவன் தோற்றான். சிலை மனிதன் சிரித்தால் அவரே தோற்றார். இயந்திரம் இல்லாமல், கோடி ரூபாய் இல்லாமல், ஒரு மனிதரின் பொறுமையை மட்டும் வைத்து நடந்த அந்தக் காட்சிதான் தமிழ்நாட்டுத் தீம் பார்க் வரலாற்றில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும் ஒரே பாத்திரம் என்று நினைக்கிறேன். ராட்டினத்தின் பெயர் ஒருவருக்கும் ஞாபகமில்லை. அவரை மறந்தவர் இல்லை.

2024 ஜனவரியில் பூந்தமல்லி பக்கம் நவீனத் திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று முதல்வர் அறிவித்தார். அங்கே பார்வையாளர்களுக்கு இடம் உண்டா, உண்டென்றால் எந்தக் கதைக்குள் நடந்துபோகப் போகிறோம் என்று ஊகிக்க இப்போது நமக்கும் விஷயம் கிடைத்திருக்கிறது. என் பங்குக்கு ஒரு ஊகத்தைச் சொல்லிவைக்கிறேன். இருட்டான ஒரு அரங்கு, நடுவில் ஒரு பாவை. அது திரும்பிப் பார்க்கும் நொடியில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கட்டப்போகிறவர்கள் வாடகைக்குக் கதை தேடி ஆர்லாண்டோ போவதற்கு முன்னால், துறையூர் பஸ் ஏறி ஒருமுறை புளியஞ்சோலை வரை வந்து போகட்டும்.