ஜாம் போத்தல் விளக்கும் சைக்கிள் டைனமோவும்: மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணம்

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டதைத் தொடர்ந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தேசிய மின்தொகுப்பிலிருந்து வந்த மின்சாரம் நின்றுபோனது. கூடவே பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், டீசல், ரோர்ச் பற்றரி என வெளிச்சத்துக்கு உதவும் பலவும் தடைப்பட்டியலில் இருந்தன. மண்ணெண்ணெய் கொஞ்சமாக வந்தது. விலையோ கொழும்பு விலையின் பல மடங்கு. 1995 ஒக்ரோபர் இறுதியில் நடந்த பெரும் இடப்பெயர்வு வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த நிலை நீடித்தது.

முதலில் மாறியது விளக்கு. அரிக்கன் லாம்புக்கு அகலத் திரி. எண்ணெய் வேகமாகக் குறையும். பெற்றோல்மாக்ஸ் அதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். ஆகவே வீடுகள் ஜாம் போத்தலுக்கு மாறின. போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையுமளவு மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியொன்றை உள்ளே எரியவிட்டார்கள். போத்தலின் கண்ணாடியே சிமினியாகிக் காற்றைத் தடுத்தது. திரி சிறியதாக இருந்ததால் சிறிதளவு எண்ணெய் நெடுநேரம் நின்றது. ஒளி புத்தகத்தின் ஒரு பக்கத்துக்குத்தான் போதும். சாதாரணதர, உயர்தரப் பரீட்சைகளுக்கு ஒரு தலைமுறையே இந்த ஒளியில் படித்தது. கண்ணெரிச்சலையும் புகையையும் தாங்கிப் படித்த அந்த மாணவர்களின் உழைப்பு இன்னும் போதியளவு எழுதப்படவில்லை.

ஜெனரேற்றரும் இருந்தது. சிறிதளவு பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்; மோட்டார் சைக்கிள்களும் அப்படித்தான் ஓடின. ஆனால் வீட்டின் அன்றாடத் தேவைக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 10 கிலோவாற் மணி ஆற்றல் இருக்கிறது. சிறிய இயந்திரம் அதில் பெரும்பகுதியை வெப்பமாகவும் இரைச்சலாகவும் வீணாக்கிவிடும். பளு குறைந்தாலும் எண்ணெய்ச் செலவு அதே அளவில் குறையாது. இதனால் ஜெனரேற்றர் கூட்டுப் பொருளாயிற்று. ரீவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, அயலவர் காசு சேர்த்து, ஒரே இரவில் பல படங்களைப் பார்த்தார்கள். செலவைப் பங்கிட இதைவிடச் சரியான வழி அன்று இருக்கவில்லை.

வானொலிக்குக் கண்ட வழி இன்னும் சிறப்பானது. செய்தி அறிவது அந்நாளில் உயிரோடு தொடர்புடைய காரியம். பிபிசி தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸையும் ஊரே காத்திருந்து கேட்டது. பற்றரி இல்லாத வீடுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு பொருத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் கேட்டார்கள். சைக்கிள் டைனமோ பொதுவாக 6 வோல்ற், 3 வாற் தரும். நான்கு பற்றரியில் ஓடும் வானொலிக்கும் 6 வோல்ற்தான் வேண்டும். மெதுவான ஒலியில் ஒரு வாற்றுக்கும் குறைவாகவே அது இழுக்கும். டைனமோ தருவது மாறுதிசை மின்னோட்டம் என்பதால் இடையில் டயோட் சேர்த்து நேரோட்டமாக்க வேண்டும். ஊர் ரேடியோ திருத்துநர்களுக்கு அது கைவந்த வேலை. எண்ணெய் ஒரு துளியும் செலவில்லை. சில்லின் உரசலைத் தவிரச் சத்தமும் இல்லை.

தேவையை முதலில் அளந்து, அதற்கேற்ற மிகச்சிறிய மூலத்தைத் தேர்ந்தது அந்த வீடுகளின் வெற்றி. இன்று இன்வேர்ட்டர் வாங்குபவர்களும் தொடங்க வேண்டிய இடம் அதுவே. 2009இல் போர் முடிந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே குடாநாடு மறுபடியும் தேசிய மின்தொகுப்போடு இணைந்தது.