சலவைச் சோடா திறந்த பை

செல்சவ்வு ஒரு கொழுப்புப் படலம். அதில் புதைந்திருக்கும் புரதம் தண்ணீரில் கரையாது. ஓர் உயிரியின் மரபணுக்களில் 20 முதல் 30 சதவீதம் இப்படிப்பட்ட புரதங்களுக்கானவை. மருந்துகள் பலவும் இவற்றில்தான் போய் ஒட்டுகின்றன. ஆனாலும் புரதங்களின் மொத்தக் கணக்கெடுப்பு என்று வந்தால் இவைதான் விடுபட்டுப் போகும்.

1975-இல் பாட்ரிக் ஓஃபாரெல் ஈ. கோலை பாக்டீரியாவின் சுமார் 1,100 புரதங்களை ஒரே ஜெல்லில் புள்ளி புள்ளியாகப் பிரித்தார். முதலில் மின்னூட்டப்படி, பிறகு எடைப்படி. சவ்வுப் புரதங்களோ முதல் கட்டத்திலேயே திரிந்து நின்றுவிடும். அவற்றை நன்றாகக் கரைக்கும் எஸ்.டி.எஸ். சோப்பு தன் மின்னூட்டத்தைப் புரதத்தின்மேல் ஏற்றிவிடுவதால் அதை அங்கே சேர்க்கவும் முடியாது.

2001-இல் அமெரிக்காவில் ஜான் யேட்ஸ் குழு ஜெல்லையே கைவிட்டது. ஈஸ்ட்டின் புரதங்களை மொத்தமாகத் துண்டாக்கி, நிறை நிறமாலைமானியில் எடைபோட்டு 1,484 புரதங்களை அடையாளம் கண்டது. கரையாத மிச்சத்துக்கு 90 சதவீத ஃபார்மிக் அமிலமும் சயனோஜன் புரோமைடும் தேவைப்பட்டன. முரட்டு வைத்தியம்தான்.

2003-இல் கிறிஸ்டின் வூவும் யேட்ஸும் சகாக்களும் வேறு வழி பிடித்தார்கள். சவ்வை ஏன் கரைக்க வேண்டும்? அப்படியே இருக்கட்டும், வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் மழித்து எடுப்போம். சிக்கல் ஒன்றுதான்: உடைந்த சவ்வு மூடிய பையாகச் சுருண்டுகொள்ளும், உட்பக்கம் புரதத்தை வெட்டும் கத்தியான நொதிக்கு எட்டாது. அதற்குச் சாவி 1982-இலேயே கிடைத்திருந்தது. சோடியம் கார்பனேட், அதாவது நம் சலவைச் சோடா, பி.எச். 11-ஐ ஒட்டிய காரத்தில் அந்தப் பைகளைத் திறந்த தாள்களாக விரித்துவிடும் என்று யூக்கியோ ஃபுஜிக்கி, பால் லசரோவ் ஆகியோர் காட்டியிருந்தார்கள்.

வூ குழுவினர் கத்தியையும் யோசித்தே தேர்ந்தார்கள். வழக்கமான நொதியான டிரிப்சின், லைசின், அர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் இருக்கும் இடத்தில்தான் வெட்டும். சவ்வுப் புரதத்தில் அவை குறைவு. புரோட்டினேஸ் கே அப்படி இடம் பார்ப்பதில்லை. ரோமத்தின் கெரட்டினையே செரிக்கும் நொதி அது. பெயரிலுள்ள ‘கே’ அதனால் வந்தது. அத்தனை காரத்தில் அதன் வேகம் மட்டுப்படுவதால், பொடியாக்கிவிடாமல் எடைபோடத் தோதான துண்டுகளைத் தந்தது.

சவ்வுக்குள் புதைந்த பகுதியை மட்டும் இந்தக் கத்தியும் தொடவில்லை.