பனை நாட்டுப் பிள்ளைகளும் பேராதனைப் பூங்காவும்



பூநகரியிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் மலைநாட்டுக்குக் கல்விச் சுற்றுலா செல்வதாயின், பரந்தனில் கண்டி வீதியை அடைந்து, வவுனியாவையும் தம்புள்ளையையும் மாத்தளையையும் கடந்து செல்வர். பேராதனைத் தாவரவியற் பூங்காவே அப்பயணத்திற் பிள்ளைகள் ஆவலோடு எதிர்பார்க்கும் இடம். ஆனால், அங்கே எதனைக் காண்பது? பூக்களை மட்டும் பார்த்துத் திரும்பினால் அது உல்லாசப் பயணம். பூங்காவின் வரலாற்றையும் அறிந்து திரும்பினாலே அது கல்வி. இவ்வேறுபாடு, பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியரின் கையிலுள்ளது.

மாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட, ஏறத்தாழ 147 ஏக்கர் பரப்பில் அமைந்தது அப்பூங்கா. கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில் அஃது அரசர்க்குரிய தோட்டமாயிருந்தது. ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றியபின், 1821ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் மூன் என்பார் அதனைத் தாவரவியற் பூங்காவாக அமைத்தார். அழகுக்காக மட்டும் அமைத்தாரல்லர். எந்த நாட்டுச் செடி இந்த மண்ணில் வளரும், எது வருவாய் தரும் என்று ஆராய்ந்தறிவதும் அதன் பணியாயிருந்தது. 1824இல் சீனத் தேயிலைச் செடி அங்கே வந்து சேர்ந்தது. 1869இல் கோப்பிச் செடிகளை அழிக்கத் தொடங்கிய இலை நோயை ஆராய்ந்தவர், அப்போது பூங்காவின் தலைவராயிருந்த துவைட்ஸ். 1876இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகளும், பேராதனையின் கிளையாகக் கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் அமைந்த தோட்டத்திலேதான் வேரூன்றின.

செடிகள் மட்டுமா வந்தன? அச்செடிகளை நட்டு வளர்க்க மனிதரும் வந்தனர். தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து மன்னார்ப் பகுதியிற் கரையிறங்கி, நீரற்ற காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தோர் எண்ணற்றவர். வழியிலே பசியாலும் கொள்ளை நோயாலும் மாண்டோரும் பலர். இன்று பிள்ளைகளின் பேருந்து தம்புள்ளையிலிருந்து மாத்தளையை நோக்கி ஓடும் பாதை, அன்று அம்மக்கள் நடந்த பாதையை ஒட்டியதே. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் மலைநாட்டை விட்டு வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பல. ஆகையால், கிளிநொச்சி மாவட்டத்து வகுப்பறையொன்றில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் பாட்டனார் தேயிலைத் தோட்டத்திற் பிறந்தவராயிருத்தல் கூடும். அப்பிள்ளைக்குப் பேராதனை அயலூர்ப் பூங்காவன்று. தன் குடும்ப வரலாற்றின் முதல் ஏடு. மரத்தின் பெயர்ப்பலகையில் அதன் தாயகம் எழுதியிருக்கும். அவ்வகைச் செடிகளைத் தோட்டந்தோறும் நட்டவனின் பெயர் எங்கும் எழுதியிராது. அதனைச் சொல்ல வேண்டியவர் ஆசிரியரே.

பூங்காவினுள்ளே பனைமரச் சாலையொன்று உண்டு. அது 1887இல் நடப்பட்டது. பூநகரிப் பிள்ளை அதனைக் கண்டதும், ‘இது நம் வீட்டு வேலியோரத்து மரமன்றோ!’ என வியத்தல் இயல்பு. அந்த வியப்பையே ஆசிரியர் பாடமாக்கலாம். சிறிது அப்பால், உலகிலேயே மிகப் பெரிய விதையை உடைய கடற்றேங்காய் மரம் நிற்கிறது. சீசெல்சுத் தீவுகளிலிருந்து வந்த அம்மரம் பனைக்கு நெருங்கிய உறவு. பனையைப் போலவே அதிலும் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஆண்பனை காய்ப்பதில்லை என்பதைச் சிறு வயதிலேயே கண்டறிந்த பிள்ளைக்கு, நகரத்துப் பிள்ளையைக் காட்டிலும் இவ்வுண்மை எளிதிற் புலனாகும். பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி டிரைமன், 1893ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தம் இலங்கைத் தாவர நூலிலே சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் சேர்த்தார். நம் ஊரார் நாவில் வழங்கிய சொற்கள் அறிவியல் நூலில் இடம்பெற்றன என்பது பிள்ளைகள் அறியத்தக்க செய்தி.

இப்பயணம் எளிதாய்க் கிடைத்ததன்று. 1993இலும் 2008இலும் பூநகரி பெரும் போர்க்களமாயிற்று. கண்டி வீதி பல்லாண்டு அடைபட்டு, 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடுண்டது. 2009இல் போர் முடிந்த பின்னரே வழி நிலையாகத் திறந்தது. பேராதனையைப் பாடநூற் படத்தில் மட்டுமே கண்டு வளர்ந்த ஒரு தலைமுறை நம்மிடையே உண்டு. அவர்களுள் இன்று ஆசிரியராயிருப்போர், தாம் காணாததைத் தம் மாணாக்கருக்குக் காட்டுகின்றனர். அத்தகைய நாளொன்றை விரைந்து நடந்தே கழித்துவிடலாமா?

புறப்படுமுன் ஒரு நாள் தம் ஊரையே சுற்றிப் பார்க்கட்டும். பனை, மொட்டைக்கறுப்பன் நெல் விளையும் வயல், கடனீரேரிக் கரையின் கண்டல் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதட்டும். பின்பு பேராதனையில் அவற்றின் உறவுகளைத் தேடட்டும். திரும்பி வந்தபின், பள்ளி வளவில் நிற்கும் மரங்களுக்குத் தாமே பெயர்ப்பலகை எழுதி நாட்டட்டும். அரசர் தோட்டமாய்த் தொடங்கி, வருவாய்த் தோட்டமாய் வளர்ந்த பேராதனைப் பூங்கா, அன்றுதான் பூநகரிப் பிள்ளைகளுக்கும் உரிய பள்ளிக்கூடம் ஆகும்.