மூளைச்சாவு வேறு, கோமா வேறு: ஒரு சொல் வந்த கதை



"நெஞ்சு துடிக்குது, உடம்பு சூடா இருக்கு. அப்புறம் எப்படி டாக்டர் இறந்துட்டார்னு சொல்றீங்க?" ஐசியூ வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. பதிலுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

1950களுக்கு முன் "மூளைச்சாவு" என்ற சொல்லுக்குத் தேவையே வரவில்லை. மூச்சு நின்றால் சில நிமிடங்களில் இதயம் நிற்கும். இதயம் நின்றால் மூளையும் போய்விடும். எது முதலில் நின்றாலும் மற்றவை கூடவே நிற்கும். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் முடிந்தது.

1952. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கடும் போலியோ. மூச்சுத் தசைகள் செயலிழந்து பலர் இறந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்துக் காட்டினார். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் ஷிப்ட் போட்டு ராப்பகலாகக் கையால் பையை அழுத்தினார்கள். (நம்ம ஊர் ஹவுஸ் சர்ஜன்களுக்கு அந்தக் கைவலி தெரியும்!) எத்தனையோ பேர் பிழைத்தார்கள்.

பிறகு அந்த வேலையை வென்டிலேட்டர் எடுத்துக்கொண்டது. கூடவே ஒரு புதுச் சிக்கலும் வந்தது.

மூளை முழுவதும் அழிந்துபோனவருக்கும் மெஷின் காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தது. இதயம் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. மின்தூண்டல் அதற்குள்ளேயே இருக்கிறது, ஆக்சிஜன் கிடைத்தால் துடிக்கும். அந்தச் சூடும் துடிப்பும் அதனால்தான்.

1959ல் பாரிஸைச் சேர்ந்த மொல்லாரே, கூலோன் இருவரும் இப்படிப்பட்ட 23 பேரைப் பற்றி எழுதி, "கோமாவையும் தாண்டிய நிலை" என்றார்கள். 1968ல் ஹென்றி பீச்சர் தலைமையிலான ஹார்வர்டு குழு, இதை இறப்பாகவே கொள்ளலாம் என்றது. ஆனால் கட்டுரைத் தலைப்பில் வைத்த பெயர் "மீளாத கோமா". என்னைக் கேட்டால் ரொம்ப மோசமான பெயர். கோமாவில் இருப்பவர் உயிரோடு இருப்பவர், கண் விழிப்பவர்களும் உண்டு. மூளைச்சாவு அடைந்தவர் இறந்தவர். ரெண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பி வைத்தது மருத்துவ உலகம்தான்.

"உறுப்பு எடுக்கத்தானே இந்தச் சொல்லையே கண்டுபிடிச்சீங்க?" என்பார்கள். பாதி உண்மை. 1967 டிசம்பரில் கேப் டவுனில் முதல் இதய மாற்று நடந்தது. உறுப்புத் தேவையையும் ஒரு காரணமாக ஹார்வர்டு குழுவே வெளிப்படையாக எழுதியது. ஆனால் பாரிஸ் கட்டுரை அந்த ஆபரேஷனுக்கு 8 வருஷம் முந்தியது.

இந்தியாவில் 1994 சட்டம் "மூளைத்தண்டு இறப்பு" என்கிறது. 4 டாக்டர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில், 2 முறை சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் முக்கியமானது ஆப்னியா டெஸ்ட். வென்டிலேட்டரைக் கழற்றி, குழாய் வழியே ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, நெஞ்சு தானாக ஒருமுறையாவது எழும்புகிறதா என்று பார்ப்போம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, உயிருள்ள மூளைத்தண்டால் மூச்சிழுக்காமல் இருக்க முடியாது.

உங்கள் வீட்டில் ஒருவர் அந்த நிலையில் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்: "இது கோமாவா, மூளைச்சாவா? ஆப்னியா டெஸ்ட் செய்தாச்சா? ரெண்டாவது தடவை எத்தனை மணிக்கு?"