பிரம்புக்கு வேலியிட்ட முன்னோர்கள்

"அடித்தால்தான் பிள்ளை ஓதும், முன்னோர்கள் அப்படித்தான் ஓதிக் கொடுத்தார்கள்" என்று கூறுவோர் நம்மிடையே உண்டு. அந்த முன்னோர்கள் எழுதி வைத்திருப்பதைச் சற்றுப் பாருங்கள்.

இன்றைய துனீசியாவிலுள்ள கைரவான் நகரில் வாழ்ந்த மாலிக்கி மத்ஹபு அறிஞர் முஹம்மது இப்னு ஸஹ்னூன் (ரஹ்) (கி.பி. 817 - 870), ஆசிரியர்களின் ஒழுக்கங்கள் குறித்துத் தனி நூலே இயற்றினார். தம் தந்தை இமாம் ஸஹ்னூன் (ரஹ்) அவர்களிடம் கேட்டறிந்த சட்டங்கள் அதில் நிறைந்துள்ளன. விளையாட்டிலும் சோம்பலிலும் பொழுதைக் கழிக்கும் மாணவனைப் பத்து அடிகளுக்கு மேல் அடிக்கலாகாது. குர்ஆன் ஓதுவதில் குறை வைத்தாலோ மூன்றுக்கு மேல் கூடாது. கவனித்தீர்களா? குர்ஆன் என்று வரும்போது எண்ணிக்கை கூடவில்லை, குறைகிறது! தலையிலும் முகத்திலும் அடிக்கலாகாது. வீட்டிலிருந்து ஆள் அனுப்பி அழைத்தால், உண்ணவும் பருகவும் விடாமல் பிள்ளையைத் தடுத்து வைக்கலாகாது.

பிரம்பையே அவர்கள் விலக்கிவிட்டார்கள் என்று நான் கூறவில்லை, அது உண்மையாகாது. ஆனால் நாம் அனுமதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வரம்புகளை மறந்துவிட்டோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (கி.பி. 1058 - 1111) தமது 'இஹ்யா'வில் பரிசிலிருந்தே தொடங்குகிறார். பிள்ளையிடம் நற்செயல் வெளிப்பட்டால் அவனைக் கண்ணியப்படுத்தி, அவன் மகிழும் பொருளைக் கொடுத்து, பலர் முன்னிலையில் பாராட்ட வேண்டும். ஒருமுறை தவறினால் கண்டும் காணாதது போல் இருந்துவிட வேண்டும். அவனே வெட்கப்பட்டு அதை மறைக்கும்போது நாம் அம்பலப்படுத்தலாமா? மீண்டும் செய்தால் தனிமையில் கண்டிக்க வேண்டும். பாராட்டுவது சபையில், கண்டிப்பது தனிமையில்! நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது. ஓயாமல் ஏசுவதையும் இமாமவர்கள் தடுக்கிறார்கள். ஏச்சைக் கேட்டுக் கேட்டு அது பிள்ளைக்கு உறைக்காமலே போய்விடும் என்பது அவர்கள் கூறும் காரணம்.

கி.பி. 1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன் (ரஹ்), கடுமையால் விளையும் கேட்டை விளக்குகிறார். அடக்குமுறையில் வளரும் மாணவன் உற்சாகம் இழக்கிறான். அடிக்கு அஞ்சிப் பொய் பேசுகிறான். உள்ளத்தில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக நடிக்கிறான். நாளடைவில் அதுவே அவன் குணமாகிவிடுகிறது. கைரவான் அறிஞரின் நூலொன்றிலிருந்து அதே மூன்று அடி வரம்பை அவரும் எடுத்துக்காட்டுகிறார். கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் மகன் அமீனின் ஆசிரியருக்கு இட்ட கட்டளையையும் பதிவு செய்கிறார்: பிள்ளையின் அறிவு மடிந்துபோகும்படி அவனை வருத்தவும் வேண்டாம், சோம்பல் இனிக்கும்படி விட்டுக்கொடுக்கவும் வேண்டாம்; முதலில் நெருக்கத்தாலும் மென்மையாலும் திருத்துங்கள், அதற்கு அவன் இணங்காதபோதே கண்டிப்பு.