தாமல்செருவுப் போரும் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' நாவலும்

முன்னுரை

தமிழ் வரலாற்று நாவல் நெடுங்காலம் அரசர்களையும் அரண்மனைகளையும் சுற்றியே இயங்கி வந்தது. அம்மரபினின்று விலகி, போர்க்காலத்துப் பொதுமக்களைக் கதையின் நடுவே நிறுத்தியவர்களுள் பிரபஞ்சன் (1945-2018) குறிப்பிடத்தக்கவர். அவரது 'மானுடம் வெல்லும்' நாவலைத் தாமல்செருவுப் போரின் பின்னணியில் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போரும் புகலிடமும்

திருப்பதிக்குத் தென்மேற்கே, பாகாலையை அடுத்துள்ளது தாமல்செருவு. 1740 மே மாதத்தில் இங்குள்ள கணவாயில் இரகோஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை ஆர்க்காட்டுப் படையை முறியடித்தது. நவாப் தோஸ்து அலிகானும் அவர் மகன் ஹசன் அலியும் களத்தில் மாண்டனர். நவாபின் குடும்பத்தினர் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை மராட்டியரிடம் ஒப்படைக்க ஆளுநர் துய்மா மறுத்தார். செல்வரும் தம் உடைமைகளுடன் கடற்கரை நகரங்களை நாடினர். உழவனோ தன் நிலத்தைத் தூக்கிச் செல்ல இயலாதவன்.

நாட்குறிப்பும் நாவலும்

இக்காலத்தை அறிய உதவும் தலையாய தமிழ்ச் சான்று, 1736 முதல் 1761 வரை எழுதப்பெற்ற ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பாகும். பிள்ளை வணிகர், பின்னர் ஆளுநர் துய்ப்ளெக்சின் துபாஷ். எனவே சரக்கு, விலை, ஆளுநர் மாளிகைச் செய்திகள் ஆகியன அதில் விரிவு பெறுகின்றன. எளிய குடிகள் பெரும்பாலும் பெயரற்ற கூட்டமாகவே தோன்றுகின்றனர். பிரபஞ்சன் இந்நாட்குறிப்பையே அடிப்படையாகக் கொண்டு, அக்கூட்டத்தினுள்ளிருந்து உழவரையும் தேவதாசியரையும் தனிமனிதராக மீட்டெடுக்கிறார். இதன் தொடர்ச்சியான 'வானம் வசப்படும்' 1995ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது.

திருமலையும் போர்ச்செலவும்

கர்நாடகப் போர்களின் சுமை புதுச்சேரியோடு நின்றுவிடவில்லை. நவாப் முகமது அலியின் போர்க்கடனுக்கு ஈடாகத் திருமலைக் கோயில் வருவாய் ஆங்கிலக் கும்பெனிக்கு ஒதுக்கப்பட்டது. களத்தையே காணாத அடியவரின் காணிக்கையும் இவ்வாறு போர்ச்செலவாயிற்று. 1843இல்தான் கும்பெனி கோயில் நிருவாகத்தை ஹாத்திராம்ஜி மடத்திடம் ஒப்படைத்து விலகியது.

முடிவுரை

நாவலை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும், நாட்குறிப்பை மட்டுமே முழு வரலாறாகக் கொள்ளுதலும் அத்தகைய பிழையே ஆகும். அடைக்கலம் பெற்றவர் பெயர் ஏட்டில் நின்றது. அது கிட்டாதவர் துயரைக் கற்பனையே ஏந்த வேண்டியுள்ளது. ஆகவே இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பயிலும்போதுதான், போர் யாருக்கு வெற்றியாயிற்று என்பதோடு, யார் அதற்கு விலை கொடுத்தனர் என்பதும் புலனாகும்.