உடல் எடையும் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையும்: பிரிஞ்சாங்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயை அறிகுறி தோன்றும் முன்பே கண்டுபிடிக்க உதவுவது இப்பரிசோதனை. மலேசிய அரசு சுகாதார கிளினிக்குகளில் 50 முதல் 75 வயதினருக்கு, கண்ணுக்குத் தெரியாத இரத்தம் மலத்தில் உள்ளதா எனச் சோதிக்கின்றனர். இருந்தால் அடுத்தது, பெருங்குடலின் உட்புறத்தைக் கருவியால் பார்க்கும் கொலோனோஸ்கோபி.

மிகை எடை இந்நோயின் அபாயத்தைக் கூட்டும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடல் பருமனோ கொண்டிருந்தனர். இனவாரியாக இந்தியர்களே முன்னிலை. புற்றுநோய்ப் பதிவேட்டிலோ சீனர்களிடமே இந்நோய் அதிகம். வயது, குடும்ப வரலாறு, உணவு, புகை, மது ஆகியவற்றுக்கும் பங்குண்டு.

மலேசியாவின் பிரிஞ்சாங் நகரை அடுத்த சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் போன்ற இடங்களில் உடலுழைப்பு ஓரளவு காக்கும். ஆனால் மெலிந்தவருக்கும் இந்நோய் வரும்.

50 வயதைத் தொட்ட தோட்டத்து ஆணும் பெண்ணும், எடை எதுவாயினும், பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.